நூற்று நாற்பத்து மூன்று வித்தியாசங்கள்

மாமல்லபுரம் பக்கம் கடலை அளக்கிற சிறிய தனியார் அலுவலகம் ஒன்றில் வசுமதி பன்னிரண்டு வருடமாக வேலை பார்த்தாள். கடலில் இறக்கிய கருவி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரின் வெப்பத்தை அனுப்பும். நாளைக்கு நூற்று நாற்பத்து நான்கு எண்கள். முந்தைய எண்ணுக்கும் அடுத்ததற்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் எடுத்துக் காட்ட வேண்டும். அதற்கு அவள் எழுதியிருந்த புரோகிராம் லூப் போட்டு ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துக்கொண்டு போகும். ஒருநாளும் மக்கர் செய்ததில்லை.

2004-ல் புது மேலாளராக அபிஷேக் வந்தார். முப்பது வயதுகூட ஆகாதவர்.

"மேடம், இனிமே எல்லாம் ஃபங்ஷனல் புரோகிராமிங்தான். லூப்பே கூடாது."

"லூப் இல்லாம பக்கத்து எண்ணை எப்படி சார் பாக்கறது?"

"யோசிங்க," என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

யோசித்தாள். அவர் சொன்ன முறைக்கான புதுக் கணினி மொழியில் பட்டியலின் ஒவ்வோர் எண் மீதும் ஒரு கட்டளையை ஏவலாம். ஆனால் அந்தக் கட்டளைக்குத் தன் கையில் இருக்கும் எண் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் இருப்பது தெரியாது. பதினோரு நாள் இதே இழவு. செங்கல்பட்டிலிருந்து வரும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றத்தில் சீட் காலியாகியும் உட்காரத் தோன்றாமல் நின்றாள். குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

பன்னிரண்டாம் நாள், கையாலேயே கழித்துத் தொலைப்போம் என்று பட்டியலை இரண்டு பிரதி அச்செடுத்தாள். ஒன்றில் முதல் வரியை மட்டும் பின்னால் மடித்துவிட்டு மற்றதன் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வோர் எண்ணுக்கும் நேராக அதன் அடுத்த எண் வந்து நின்றது.

"கர்மம், இவ்ளோதானா!"

முழுப் பட்டியலையும், முதல் எண்ணை நீக்கிய அதே பட்டியலையும் ஜோடி ஜோடியாகக் கோத்து, ஜோடிக்கு ஒரு கழித்தல். ஒரே வரியில் முடிந்தது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

அறிக்கையில் கையெழுத்துப் போடவேண்டிய சூப்பர்வைசர் தேவசகாயம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? அளவு நூத்தி நாப்பத்தி நாலு கீது, வித்தியாசம் நூத்தி நாப்பத்தி மூணுதான் கீது. ஒண்ணு எங்க பூட்ச்சு?"

"எங்கயும் பூடலண்ணே. மொத அளவுக்கு முன்னால எதுவுமே இல்ல. எத்தோட கழிக்கறது?"

"பழைய ரிப்போர்ட்ல சரியாத்தான இருந்திச்சி?"

"அதுல மொத வரியில நானா ஒரு பூஜ்யம் போட்டிருந்தேன்."

"அப்போ அதையே போடு. பேஜாரு பண்ணாத."

பொய்யான பூஜ்யத்தை மறுபடி போட அவளுக்கு மனம் வரவில்லை. மூன்று தடவை விளக்கினாள். மூன்று தடவையும் அவர் "ஒண்ணு கொறையுதே" என்றார். கடைசியில் மேலே ஒரு வரி சேர்த்து 'முன் அளவு இல்லை' என்று அடித்தாள். வரிக் கணக்கு சரியாகிவிட, மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை அபிஷேக் புன்னகையோடு வந்தார். "சூப்பர் மேடம். இப்போ மூணு மூணு அளவா ஒப்பிடலாமா?"

அரை மணியில் எழுதிக் கொடுத்தாள். தேவசகாயம் கேட்பதற்கு முன்பே மேலே 'முன் அளவு இல்லை' என்று இரண்டு வரி சேர்த்துவிட்டு, ஒரு வாரம் லீவுக்கு எழுதிப் போட்டாள். இரண்டு நாள்தான் கிடைத்தது.