போறேன்னு எழுதாதடா

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த மெயில் வந்தது. நாலே வரி. மூன்று வருடமாக நாங்கள் காத்திருந்த வீடியோ கேமைக் கைவிட்டுவிட்டார்களாம். முன்னுரிமைகள் மாறிவிட்டனவாம். எங்கள் பேரார்வத்துக்கு நன்றியாம். திரும்பத் திரும்பப் படித்ததில் இரண்டு பஸ்ஸை விட்டேன். வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வீட்ல யாருக்காவது ஏதாவதா?" என்று கேட்டார். கேம் நின்றுபோச்சு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லைங்க என்றேன். அப்படிச் சொல்ல வேண்டியிருந்ததே, அது இன்னும் எரிச்சல்.

நாங்கள் என்றால் நானும் அம்மாவும். அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். கேமின் முதல் பாகத்தை நான் எனக்காகத்தான் லேப்டாப்பில் போட்டிருந்தேன். ஒரு பெண் ஆற்றில் படகு ஓட்டுவாள், தீவு தீவாகப் போய் ஆட்களை ஏற்றி இறக்குவாள். அம்மா எட்டிப் பார்த்தாள், உட்கார்ந்தாள், அதற்கப்புறம் லேப்டாப் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் எல்லாம் இங்கிலீஷ். ஒவ்வொரு வரியையும் நான் படித்துச் சொல்ல வேண்டும். அரியமங்கலம் பட்டறைக்கு டிராயிங் போட நான் கிளம்பிவிட்டால் படகு கரையிலேயே கிடக்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் தனியாக ஓட்டியிருக்கிறாள். ஒரு தீவில் ஒரு கிழவர் மூட்டையோடு நின்று ஏதோ கேட்டிருக்கிறார். கீழே இரண்டு பதில்கள். அம்மா மேலே இருந்ததை அமுக்கிவிட்டாள். அதற்கு 'நான் போகிறேன்' என்று அர்த்தம். படகு கிளம்பிவிட்டது, கிழவர் அங்கேயே நின்றார். அந்த கேமில் திரும்பிப் போக வழியே கிடையாது. இரண்டு நாள் அம்மா தையல் மிஷினைத் தொடவில்லை.

"பாவம்டா அந்த மனுஷன். அடுத்த பாகமாவது தமிழ்ல வருமா? நானே படிச்சு ஓட்டிக்குவேன்" என்றாள்.

வரும் என்றார்கள். ஆசைப்படும் ரசிகர்கள் அவரவர் மொழியில் மொழிபெயர்க்கலாம் என்று கம்பெனி அறிவித்தது. பெயரைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் வாசிப்பேன், அம்மா ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே திருத்துவாள். 'படகில் ஏறவும்' என்று எழுதினால், "என்னடா, ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கு? ஏறுங்கன்னு போடு" என்பாள். படகுக்காரி விடைபெறும் இடம் வந்தது. அதே பழைய வரி.

"போறேன்னு எழுதாதடா. வாசல்ல நின்னு யாராவது அப்படிச் சொல்வாங்களா? போயிட்டு வரேன்னு எழுது."

எழுதினேன். பக்கத்தில் நான் போட்டிருந்த இங்கிலீஷ் அர்த்தத்தைப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்காரர் திருப்பி அனுப்பினார். மூலத்தில் 'வரேன்' இல்லையே, அவள் திரும்பி வரப்போவதும் இல்லையே, ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டார். விளக்கினேன். மறுபடியும் திருப்பினார். எனக்கு வந்ததே கோபம். எங்கள் வீட்டில் போறேன் என்று கிளம்பினால், கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணி கொடுத்து, ஒழுங்காகச் சொல்லவைத்துத்தான் அனுப்புவார்கள் என்று எழுதினேன். அதற்கப்புறம் ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அம்மா கேசரி செய்தாள்.

மெயில் வந்த அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் மொழிபெயர்ப்புப் பக்கத்தைத் திறந்தேன். பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. பூட்டிவிட்டார்கள். அம்மா சொல்லச் சொல்ல எழுதிய அத்தனையும் உள்ளே. நகல் எடுக்கக் கூடாது என்று அவர்கள் சொன்னதை யோக்கியன் மாதிரி கேட்ட என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். மிஷினை நிறுத்தினாள்.

"என்ன எழுதியிருக்காங்க? படி."

பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் படித்தேன்.

"போயிட்டு வரேன்னு இருக்கா?"

"இல்லம்மா. நன்றின்னு இருக்கு."

அம்மா கையிலிருந்த நூலைச் சுற்றி வைத்தாள்.

"அன்னைக்கு அந்தப் பெரியவரை விட்டுட்டு வந்தேனே, நான் இங்கிலீஷ் தெரியாம அமுக்கினேன். இவங்க படிச்சுப் பார்த்துட்டுத்தானே அமுக்கியிருக்காங்க?"

கம்பெனியைத் திட்டி பஸ்ஸிலேயே அரைப் பக்கம் இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் அழித்தேன். அம்மா சொன்னதை அப்படியே தமிழில் அடித்து அனுப்பினேன். அர்த்தம் வேண்டுமென்றால் யாராவது ரசிகனைப் பிடித்து மொழிபெயர்த்துக்கொள்ளட்டும்.