சுக்கான் பிடித்தவன்

மேரி டீச்சரைக் கொன்றது என் அண்ணன் இல்லை. நான். பதினோரு வருடங்களாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

பழவேற்காடு ஏரியின் தீவுகளுக்கு இடையே படகு விட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா ஒரே ஒரு பாய்மரப் படகில் தொடங்கினார். அண்ணன் செல்வம் தலையெடுத்தபின் அது மூன்று மோட்டார் படகுகள் ஆனது. மூன்றிலும் அம்மாவின் பெயர். பள்ளிக்கூடம், ரேஷன், பிரசவம்... தீவுக்காரர்கள் எதற்கும் எங்களைத்தான் நம்பினார்கள்.

அன்று மாலை படகில் மூன்றே பேர். பக்கத்துத் தீவில் பாடம் நடத்திவிட்டு வீடு திரும்பிய மேரி டீச்சர், அண்ணன், நான். சுக்கானை நான்தான் கேட்டு வாங்கினேன். சீக்கிரம் போய்விடலாமென்று, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டித் திருப்பினேன்.

"அந்தப் பக்கம் போவாதடா, அலை தூக்கிடும்," என்றான் அண்ணன்.

கேட்டேனா? ஒரே அலை. படகு கவிழ்ந்தது. டீச்சரின் உடல் மறுநாள்தான் கிடைத்தது. அண்ணனுக்குத் தலையில் பலத்த அடி, நினைவில்லாமல் கிடந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் அப்பா கேட்டார்: "யார்ரா ஓட்டிக்கினு வந்தது?"

அண்ணன் பிழைக்கமாட்டான் என்றே நினைத்தேன். சாகப்போகிறவன்மேல் பழி விழுந்தால் என்ன... அப்படி நினைக்க என்னால் முடிந்தது!

"அண்ணன்தாம்பா," என்றேன்.

மூன்றாம் நாள் அவன் கண் விழித்தான். அந்த மாலை மட்டும் அவனுக்குள் இல்லை. நான் சொன்னதை அப்படியே நம்பினான். கோர்ட்டிலும் ஒப்புக்கொண்டான். சிறைக்குப் போனான். அதன்பிறகு எங்கள் படகில் ஏற ஆளில்லை. அப்பா மூன்றையும் விற்றார். இன்று அண்ணன் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் உலைக்கு முன்னால் நிற்கிறான்.

சென்ற மாதம் அப்பா இறந்தார். பெரியவன் தனக்குக் கொள்ளி வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். தலைப்பிள்ளை சுடுகாட்டு ஓரத்தில் நிற்க, நான் வைத்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் அல்லவா?

எல்லாரும் கலைந்தபின் அண்ணன் என்னிடம் வந்தான்.

"இன்னும் ஒண்ணுமே ஞாபகம் வரலடா. நான் இன்னாத்துக்கு அந்தப் பக்கம் திருப்புனேன்? நீ கூடத்தானே இருந்த. எதுனா சொன்னேனா?"

"தெரியலண்ணா."

"டீச்சர் கத்துனாங்களா?"

"இல்லண்ணா."

அவன் தலையை ஆட்டிவிட்டுக் குளிக்கப் போனான்.

டீச்சர் கத்தினார். என் பெயரைச் சொல்லித்தான் கத்தினார்.