அலையோரத்துக் கிணறு

எங்கள் பழைய வீடு கடலுக்குக் கிட்ட இருந்தது. சுனாமி வந்த காலை, என் தங்கச்சி குளிக்கவென்று வாளியோடு கிணற்றடிக்குப் போனாள். பழைய சீத்தைத் துணி ஒன்றைக் குறுக்குக் கட்டிக்கொண்டு போனவள்தான். ஊரில் எத்தனையோ ஜனாஸாக்களை எடுத்து அடக்கினார்கள். அவளுடைய உடல் மட்டும் கிடைக்கவில்லை. வீடும் இல்லை, கிணறும் இல்லை, ஒரே மணல். பிறகு கடல் கரையை அரித்து அரித்து வர, எது எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாமல் போயிற்று. ஒரு தென்னங்குற்றியை அடையாளம் வைத்து, அங்கே நின்று அவளுக்காகத் துஆக் கேட்பேன்.

போன வருடம் கெம்பஸில் படிக்கிற பிள்ளைகள் சிலர் ஓர் இயந்திரத்தோடு வந்தார்கள். குழந்தை வண்டியைப் போல அதை மணலில் தள்ளிக்கொண்டு திரிந்தார்கள்.

"இதென்ன மகள், புல்லு வெட்டுற மெசினா? கடக்கரையில புல்லைக் காணல்லியே!" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டா.

வந்தவர்களில் ஒரேயொரு பெண்பிள்ளை. அது சிரித்தது. "இல்ல மாமி, மண்ணுக்குள்ள மூடிப்போன கிணறுகளைத் தேடுற மெசின். நல்ல தண்ணி எங்க இரிக்கெண்டு தெரியும். புதுசாக் கண்டுபிடிக்கிற ஆக்களுக்கு அரசாங்கம் காசு குடுக்கிது, அதுல செஞ்சதுதான் இது."

"ஒரு கிணறாவது அம்பிடோணும். இல்லாட்டி அடுத்த முறை காசும் இல்ல, என்னையும் மதிக்க மாட்டானுகள்" என்றார் அவர்களுக்குப் படிப்பிக்கிற சேர்.

பிற ஆண்களோடு கதைத்துப் பழக்கமில்லாதவள் நான். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, காதுக்குள் சொன்னேன். "எங்கட கிணத்தையும் பாருங்க மகள். தங்கச்சி அதுக்குள்ளயா, கடலுக்குள்ளயா எண்டு தெரிஞ்சாப் போதும்."

தென்னங்குற்றியடியில் இயந்திரம் சத்தமே போடவில்லை. "இதுக்குக் கீழ வெறும் மணல்தான் உம்மா" என்றது பிள்ளை. இத்தனை காலமும் யாருமில்லாத இடத்திலா நின்று துஆக் கேட்டேன்?

கடல் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். அலை வந்து நனைக்கும் இடத்தில் அது கீச்சென்றது. பொடியன்கள் மணலைத் தோண்ட, கிணற்றின் சீமெந்துக் கொட்டு, அதன் வட்ட விளிம்பு தெரிந்தது. ஓரமெல்லாம் கடலில் பொறுக்கிய சோகிச் சிப்பிகள் பதிந்திருந்தன. கிணறு கட்டியபோது ஈரச் சீமெந்தில் தங்கச்சி பதித்த சோகிகள்.

உள்ளே குழாய் போன்ற நீளமான துளைக்கம்பியை முறுக்கி இறக்கினார்கள். கம்பி வழியே தண்ணீர் வந்தது. சேர் நாக்கில் வைத்துப் பார்த்தார். "நல்ல தண்ணி! கடலுக்குள்ள நல்ல தண்ணி!" என்று கத்தினார். எனக்கும் ஒரு கோப்பையில் நீட்டினார்கள். நான் வாங்கவில்லை.

அந்த நேரம் கம்பி எதிலோ முட்டிற்று. டங் என்று வாளியின் சத்தம்.

"கீழயும் என்னமோ கிடக்கு சேர். கொளுவி இழுத்துப் பாப்பமா?" என்று ஒரு பொடியன் கேட்டான்.

என் வாய் தானாகத் திறந்தது. "ஆம்புளையள் எல்லாரும் அங்கால திரும்புங்க!"

"என்ன உம்மா?"

"திரும்புங்க வாப்பா. அவ குளிக்க வந்தவ."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பி, ஊரைப் பார்த்து நின்றார்கள். மாமியும் முகத்தை மூடிக்கொண்டா. நானும் அந்தப் பிள்ளையும் மட்டும் குனிந்தோம். கொட்டுக்குள்ளிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாக வந்தன, யாரோ மூச்சு விடுவதுபோல. பிள்ளை கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தது.

"இழுக்கவா உம்மா, விடவா?"

இதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் இத்தனை வருடம் இருந்தேன். "விடு மகள்" என்றேன்.

மெதுவாகக் கம்பியை வெளியே எடுத்து, இருவருமாக மணலைத் தள்ளி மூடினோம்.

"உள்ளுக்கு என்ன கிடந்ததெண்டு எழுதோணுமே மகள்" என்று முதுகைக் காட்டியபடி சேர் கேட்டார்.

"நல்ல தண்ணி எண்டு எழுதுங்க சேர்" என்றது பிள்ளை.

அலை வந்து அவர்களுடைய கால்சட்டைகளை நனைத்தது. ஆனாலும் திரும்பாமல் நின்றார்கள். திரும்பலாம் என்று நான்தான் சொல்லவேண்டும். அவள் உடுத்து முடியட்டும் என்று பேசாமல் நின்றேன்.