மாராவின் கரிசலில் ஒரு கன்றுக்குட்டி

காலை ஆறு மணிக்கு நைரோபியிலிருந்து கிளம்பினோம். வண்டி ஓட்டியவர் என் அண்ணன். அந்த ஊரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அருப்புக்கோட்டைப் பக்கம் மல்லாங்கிணற்றில் பருத்தியும் உளுந்தும் விதைக்கிற நான், அவர் மகள் கல்யாணத்துக்காகப் போயிருந்தேன். கல்யாணம் முடிந்து நாங்கள் பார்க்கக் கிளம்பிய மசாய் மாரா வனவிலங்குக் காப்பகம் அங்கிருந்து சுமார் 270 கிலோமீட்டர். நரோக் தாண்டிக் கோதுமை வயல்கள் முடிந்ததும், கண்ணுக்கெட்டிய மட்டும் மேய்ச்சல் நிலம்.

தெற்கே நீலமாகத் தெரிந்த மேடு தான்சானியா. தாடி வைத்த வில்டபீஸ்ட் மான்கள் புல்லைத் தேடி அங்கும் இங்குமாகப் போய்வருகின்றன. "எல்லைன்னா ஒரு கல்லு நட்டிருக்கும் தாயி. அம்புட்டுதான்," என்றார் அண்ணன்.

பிற்பகல் மூன்று மணிக்கு மழை பிடித்தது. மண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது: அசல் கரிசல். "அண்ணே, புல்லு மேல ஏத்துங்க!" சொல்லி முடிப்பதற்குள் பின்சக்கரங்கள் புதைந்தன. கதவைத் திறந்தேன்.

"இறங்காத தாயி! யானை!"

குட்டியோடு வந்த தாய் யானை, காதை விரித்து எங்களுக்கு நேரே நின்றது. அண்ணன் எஞ்சினை அணைத்தார். யானை மூச்சு விடுவது கேட்டது. பிறகு குட்டியை மறைத்தபடி விலகிப் போனது.

மழை விட்டதும் மாடுகளோடு ஒரு மசாய்க்காரர் வந்தார். சிவப்புப் போர்வை, கையில் ஈட்டி, பெயர் லெமாயன். நான் புதர்க்கிளைகளை ஒடித்துச் சக்கரத்தடியில் திணித்தேன். எங்கள் ஊரில் டிராக்டரைக் கிளப்புவதும் இப்படித்தான். அவர் தள்ள, வண்டி மேலேறியது.

திரும்பிப் பார்த்தவர் முகம் மாறியது. ஒரு கன்றைக் காணோம்.

"இருட்டுறதுக்குள்ள விடுதிக்குப் போயிரணும்," என்றார் அண்ணன்.

"நமக்காக நின்னவுகண்ணே. கன்னுக்குட்டியப் பாக்காம நான் வர மாட்டேன்."

லெமாயனை ஏற்றிக்கொண்டு ஓடைக்கரையோரம் தேடினோம். முட்புதரில் கால் சிக்கிக் கன்று கத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு பெண் சிங்கம் பதுங்கியபடி அதையே பார்த்தது. அண்ணன் இரண்டுக்கும் நடுவில் வண்டியை விட்டு ஹாரனை அழுத்தினார். லெமாயன் குதித்து இறங்கிக் கன்றை இழுத்துவந்து என் மடியில் போட்டார். அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது, என்னுடையதும்தான். சிங்கம் ஒரு கொட்டாவி விட்டு, எழுந்து நடந்தது.

அவருடைய முள்வேலிப் பட்டியில் பால் கலந்த தேநீர் கொடுத்தார்கள். லெமாயன் சுவாஹிலியில் ஏதோ கேட்க, அண்ணன் சிரித்தார்.

"ஒனக்கு எத்தன மாடுன்னு கேக்காரு."

"ரெண்டு பசுவுன்னு சொல்லுங்க. டிராக்டர் இருக்கு, கெணறு இருக்கு, மாடி வீடு இருக்கு, அதையும் சொல்லுங்க."

அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். லெமாயன் காதில் அந்த ரெண்டு பசு மட்டும்தான் விழுந்தது போலிருக்கிறது. என்னை வெகுநேரம் இரக்கத்தோடு பார்த்தார். கிளம்பும்போது என் தலைமேல் கைவைத்து, என் மாடுகள் பெருகட்டும் என்று வாழ்த்தினார்.

நாடு திரும்பி, அருப்புக்கோட்டையிலிருந்து ஊருக்குப் பஸ்ஸில் வரும்போது கரிசலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதே மண், அதே வானம். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. மேய்கிற மாடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அவர் இரக்கப்பட்டது என் ஒருத்திக்காக மட்டும் இல்லை என்று தோன்றியது.