கூப்பிட்டதால் வந்தவள்

மெல்போர்ன் புறநகரான டார்னெய்டில் யாமினியின் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அவள் யாரையும் "வாங்க" என்று சொல்வதில்லை. கதவைத் திறப்பாள், விலகி நிற்பாள். வருகிறவர்கள் தாங்களாக உள்ளே வர வேண்டும். திமிர் என்று சிலர் சொல்கிறார்கள். திமிர் இல்லை. பயம். இது நடந்தது. அவள் வாயால் சொன்னதுதான், நான் எதையும் கூட்டவில்லை.

சென்ற ஆண்டு செப்டம்பர். யாமினியின் கணவன் கௌரிசங்கருக்கு அலுவலக வேலையாக மயாமி போக வேண்டியிருந்தது. அங்கிருந்து கரீபியன் தீவுகள் பக்கம். செப்டம்பர் புயல் மாதம் என்பதால் யாரும் போக மாட்டார்கள், எல்லாம் மலிவு. மனைவியையும் நான்கு வயது மகள் வர்ஷாவையும் கூட்டிக்கொண்டு அவன் குவாதலூப் போனான். பிரெஞ்சுக்காரர்களின் தீவு. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கரும்பு வெட்டக் கப்பலேற்றப்பட்டவர்களின் வம்சம் அங்கே இருக்கிறது. கௌரிசங்கர் காரைக்கால்காரன். "நம்ம ஜனத்தையும் ஒரு எட்டு பாத்துட்டு வருவோம்" என்றான்.

கடற்கரை விடுதிகள் ஜன்னலுக்குப் பலகை அடித்துச் சாத்திக் கிடந்தன. கடல் பழுப்பு நிறப் பாசியைக் கரையெங்கும் கொட்டியிருந்தது. அழுகிய முட்டை நாற்றம். திறந்திருந்த ஒரே விடுதியில் இவர்கள் மூன்று பேர் மட்டும். விடுதிக்காரர் பெயர் ழான் ராமசாமி. ராமசாமிக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. போனில் மொழிபெயர்த்துத்தான் பேச்சு.

இரண்டாம் நாள் காலை முற்றத்தில் ஒருத்தி பெருக்கிக்கொண்டிருந்தாள். கட்டம் போட்ட துணி. வயது சொல்ல முடியாத முகம். நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த ஊரு?"

தமிழ். யாமினிக்கு அழுகையே வந்துவிட்டது.

"மெல்போர்ன்லேருந்து வர்றோம்மா. அவருக்குச் சொந்த ஊர் காரைக்கால்."

துடைப்பம் நின்றது.

"காரைக்கால்ல யார் வீடு?"

"கப்பக்கார வீடு" என்றான் கௌரிசங்கர். "யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"நான் யாரையும் கேக்க வேணாம். எனக்குத் தெரியும்."

"பாத்தியாடி, நம்ம பேரு எதுவரைக்கும் வந்திருக்குன்னு!" என்று அவன் யாமினியின் தோளில் தட்டினான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. வர்ஷாவைப் பார்த்தாள்.

"என்ன வயசு?"

"நாலு."

"அதே வயசு."

யாருடைய வயது என்று யாமினி கேட்கவில்லை.

கிளம்பும் நாளிலும் அவள் பெருக்கிக்கொண்டு நின்றாள். பெட்டியை இழுத்துக்கொண்டு போகும்போது யாமினி சொன்னாள்: "மெல்போர்ன் வந்தா கண்டிப்பா நம்ம வீட்டுக்கு வாங்க." நம் ஆட்கள் எல்லோரும் சொல்வதுதான். வர மாட்டார்கள் என்று தெரிந்து சொல்வது. அவர்களும் ஆகட்டும் என்பார்கள். அதோடு முடிந்தது.

அவள் ஆகட்டும் என்று சொல்லவில்லை.

"கூப்பிடுறியா?"

"ஆமா, வாங்க."

"நெசமாக் கூப்பிடுறியா?"

"நெசமாத்தான்."

"இத்தனை காலத்துல ஒருத்தரும் கூப்பிடல" என்றாள் அவள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

விமான நிலையத்துக்கு ராமசாமிதான் கார் ஓட்டினார். முற்றம் பெருக்கும் அம்மா அருமையாகத் தமிழ் பேசுகிறார் என்று யாமினி போனில் தட்டிக் காட்டினாள். அவர் காரை ஓரமாக நிறுத்தினார். போனைப் பார்த்து ஏதோ சொன்னார். போன் தமிழில் படித்தது.

"இந்த மாதங்களில் என்னிடம் வேலையாட்கள் இல்லை. எங்கள் ஊரில் தமிழ் பேசிய கடைசி ஆள் என் தாத்தாவின் தாத்தா."

காரை மறுபடி கிளப்பினார்.

டார்னெய்டில் ஒரு வாரம் ஒன்றுமில்லை. எட்டாம் நாள் காலை, ஆறு பத்துக்கு யாமினி விழித்துக்கொண்டாள். வெளியே ஒரு சத்தம்.

சரக்... சரக்...

"பக்கத்து வீட்டுல எலை ஊதுற மெஷின், லீஃப் ப்ளோயர் போடுறான். தூங்கு" என்றான் கௌரிசங்கர்.

"ப்ளோயர் சரக் சரக்னா கேக்கும்?"

"அப்போ பேய்தான் பெருக்குது. நமக்கு வேலை மிச்சம்" என்று அவன் போர்வையை இழுத்துக்கொண்டான்.

யாமினி கதவைத் திறந்து பார்த்தாள். யாரும் இல்லை. கார் நிற்கும் சிமெண்டுத் தரை சுத்தமாகப் பெருக்கியிருந்தது. நடுவில் ஒரு பிடி பழுப்புப் பாசி. ஈரம் காயவில்லை. அழுகிய முட்டை நாற்றம்.

டார்னெய்டிலிருந்து கடல் வெகு தூரம்.

பக்கத்து வீட்டுக் கமலினி அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர். வர்ஷாவை சைல்ட்கேரிலிருந்து கூட்டி வருவது அவர்தான். அன்று சாயங்காலம் வேலியருகே நின்று கேட்டார்.

"உங்கட மாமி வந்து நிக்கிறாவோ பிள்ளை?"

"இல்லையே அன்ரி. ஏன்?"

"அப்ப காலமை வாசல் கூட்டினது ஆர்? நான் வணக்கம் சொன்னனான். திரும்பியும் பாக்கேல்லை. உங்கட வீட்டையே முறைச்சுக்கொண்டு நிண்டவா. சரியான கோவக்காரியா இருப்பா போல."

யாமினி வர்ஷாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

"மம்மி..." வர்ஷா அவள் சட்டையை இழுத்தாள். "அந்த ஆயா சைல்ட்கேர் ஃபென்ஸ்கிட்டயும் வந்தாங்க. பிக் போட்ல போலாம்னு சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஓகே சொன்னேன்."

யாமினி காரைக்காலுக்கு போன் போட்டாள். கௌரிசங்கரின் சித்தப்பா வாசுதேவன் எடுத்தார்.

"சின்ன மாமா, நம்ம வீட்டுக்குக் கப்பக்கார வீடுன்னு ஏன் பேரு?"

"ஏம்மா, திடீர்னு?"

"சொல்லுங்க. சொந்தமாக் கப்பல் இருந்துச்சா?"

"நமக்கேது கப்பல்! ஆள் ஏத்தி விடுறதும்மா. அப்போ வெள்ளைக்காரனுக்குக் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும். நம்ம பாட்டனாருக்குப் பாட்டனாரு புடிச்சுக் குடுப்பாரு. ஆள் தேறலைன்னா சந்தைக்கு வந்தவளைக்கூட, சின்ன வேலைதான், சாயங்காலத்துக்குள்ள திரும்பிடலாம்னு சொல்லி ஏத்திடுவாராம். ஒருத்தி அப்படித்தான், புள்ளையக் கரையில உக்கார வெச்சுட்டுப் படகுல ஏறினா. படகு நேரா கப்பலுக்குப் போயிருச்சு."

"அந்தப் பிள்ளை?"

"அங்கயே உக்காந்திருந்துச்சாம். யாரு சோறு குடுத்தும் திங்கலையாம். அப்படியே போயிருச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "இதெல்லாம் வெளிய சொல்றதில்லம்மா."

அன்று இரவு யாமினி எல்லாவற்றையும் கணவனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. எல்லாக் கதவுகளையும் இரண்டு தடவை பூட்டிப் பார்த்தான். வர்ஷாவை நடுவில் படுக்க வைத்தார்கள்.

விடிந்தது. யாமினி கண் விழித்தபோது நடுவில் வர்ஷா இல்லை. குளியலறையில் தண்ணீர் ஓடியது. கௌரிசங்கர் சவரம் செய்துகொண்டு ஏதோ பாட்டை முனகினான்.

அவள் ஹாலுக்கு ஓடினாள்.

கதவு பூட்டியபடியே இருந்தது. அதற்கு இந்தப் பக்கம், தீவில் முற்றம் பெருக்கியவள் நின்றாள். கட்டம் போட்ட துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வர்ஷா. காலில் ஷூ. யாரோ மாட்டி விட்டிருந்தார்கள்.

"நீ கூப்பிட்ட. வந்தேன்."

"பிள்ளையை விட்டுடுங்க."

"எம்புள்ளைய விட்டாங்களா?"

"இவ என்ன பண்ணினா?"

"அது என்ன பண்ணிச்சு?"

யாமினி ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"வெறுங்கையோட போக மாட்டேன்" என்றாள் அவள்.

பாசி நாற்றம். தண்ணீர் சொட்டும் சத்தம். குளியலறையில் பாட்டு.

யாமினி திரும்பினாள்.

பார்த்தாள்.

குளியலறைக் கதவை.

ஒரு கணம்தான்...

வந்தவள் வர்ஷாவின் கையை விட்டாள்.

பாட்டு நின்றது. கௌரிசங்கர் வெளியே வந்தான். பாதி முகத்தில் நுரை. ஒரு கையில் போன். யாரையும் பார்க்கவில்லை.

"ஒரு சின்ன வேலை. வரச் சொல்றாங்க."

பூட்டைத் திறந்தான். வெறுங்காலோடு இறங்கினான். வெளியே பனி. யாமினி அவன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். வர்ஷாவின் கை அவள் கைக்குள் இருந்தது.

சொல்லவில்லை.

தெரு திரும்பும் வரை அவன் தெரிந்தான். அவனுக்கு முன்னால் ஒருத்தி நடந்தாள்.

போலீஸ் தேடியது. ரயில் நிலையக் கேமரா, வெரிபீ ஆற்றங்கரை, எல்லாம். ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தார். சொல்லத் தயங்கினார்.

கௌரிசங்கரின் போன் கடைசியாகப் பிடித்த டவர் ஆஸ்திரேலியாவில் இல்லை. குவாதலூப். நேரம், அவன் வீட்டை விட்டு இறங்கியதற்கு நான்கு நிமிடம் பிறகு.

"இயந்திரக் கோளாறாகத்தான் இருக்க வேண்டும்" என்றார் அதிகாரி. "ஆனால் நேற்று அந்த எண்ணுக்கு அடித்தோம். யாரோ எடுத்தார்கள். பதிவு செய்திருக்கிறோம். உங்கள் மொழி என்று நினைக்கிறோம். கேட்டுச் சொல்ல முடியுமா?"

அவர் போனை மேசையில் வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து வர்ஷா படம் வரைந்துகொண்டிருந்தாள்.

முதலில் காற்று. பிறகு வெட்டும் சத்தம். சடக்... சடக்... பல கைகள் ஒன்றாக வெட்டும் சத்தம். பிறகு மூச்சு வாங்கியபடி கௌரிசங்கரின் குரல்.

"யாமினி... மாத்து ஆள் வந்தா என்னை விட்டுடுவாங்களாம். பாப்பாவை வாசல் வரைக்கும் அனுப்பேன். சின்ன வேலைதான். சாயங்காலத்துக்குள்ள திரும்பிடலாம்."

"என்ன சொல்கிறார்?" என்று அதிகாரி கேட்டார்.

யாமினி மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியவில்லை" என்றாள். "இது எங்கள் மொழி இல்லை."