பாலத்தின் மேல் நின்ற பெட்டி

ஐம்பதுகளின் நடுவில், பொங்கலுக்கு முந்தைய வாரம் நடந்தது இது. என் கணவர் அப்போது கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். பிரசவத்துக்காகத் திருவள்ளூரில் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த நான், கைக்குழந்தையோடு அவரிடம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் சென்னைக்கு வெளிநாட்டு கிரிக்கெட் அணி ஒன்று ஆட வந்திருந்தது. டிராம் நின்றுபோன தெருக்களில் புது வர்ணம் பூசிய பஸ்கள் மைதானத்தின் பெயர்ப் பலகையை மாட்டிக்கொண்டு ஓடின. திருவள்ளூர் கோர்ட்டில் பாதிப் பேர் லீவு என்று அப்பா சொல்லிச் சிரித்தார். வெளியூர்க்காரர்கள் ஆட்டம் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பட்டும் என்று ரயில்களில் கூடுதல் பெட்டிகளைச் சேர்த்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சென்ட்ரல் வரை கூட வந்த தம்பி, கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் பாசஞ்சரில் என்னை ஏற்றிவிட்டான். முன்பக்கப் பெட்டிகளில் ஆட்டம் பார்த்துத் திரும்புகிறவர்கள் கதவு வரை தொங்கினார்கள். பெண்கள் பெட்டியிலும் இடமில்லை. வண்டியின் வால்பக்கம் ஓடிப்போய், புதிதாகச் சேர்த்திருந்த பெட்டி ஒன்றில் எனக்கு ஓர் ஓரம் பிடித்துக் கொடுத்தான்.

எதிர் இருக்கையில் ஓர் இளைஞர். இருபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி. வழி நெடுக ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நாளைதான் கடைசி நாளாம், கட்டாயம் பார்த்தே தீரவேண்டுமாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழந்தை அழுதபோது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு விரலைச் சொடுக்கி விளையாட்டுக் காட்டினார். என் ஊரைக் கேட்டுக்கொண்டு, "நானும் அங்கதான்கா எறங்கணும். கவலைப்படாம வாங்க" என்றார்.

இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. வண்டி அங்கே நிற்பதே ஒரு நிமிஷம்தான். பெட்டிக்குள் மங்கலான ஒரு பல்பு. வெளியே மை பூசியது போல இருந்தது. அந்த ஸ்டேஷனில் வெளிச்சம் எப்போதுமே குறைவு, பிளாட்பாரமும் தாழ்வாகத்தான் இருக்கும். அதனால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. நான் ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் டிரங்குப் பெட்டியுமாகத் தடுமாறுவதைப் பார்த்து அவர் எழுந்தார்.

"நீங்க இருங்கக்கா. நான் மொதல்ல எறங்கிடறேன். கொயந்தய என்னாண்ட குடுத்துட்டு அப்பால நீங்க வாங்க."

கதவைத் திறந்து, என்னைப் பார்த்தபடியே படியில் இறங்கினார். நான் டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையை இரண்டு கையாலும் தூக்கி வெளியே நீட்டினேன். அவருடைய கைகளும் என்னை நோக்கி நீண்டிருந்தன. அடுத்த கணம் அந்தக் கைகளைக் காணவில்லை.

எங்கோ ஆழத்தில் ஏதோ விழுந்த சத்தம். அதோடு சேர்ந்தாற்போல் ஒரு கத்தல்.

"எறங்காத! அக்கா, எறங்காத! கீய ஒண்ணுமே இல்ல! கொயந்தய உள்ள இஸ்து வச்சுக்கோ!"

குழந்தை இன்னும் என் நீட்டிய கைகளில்தான் இருந்தது. அதை எப்படி உள்ளே இழுத்தேன் என்று தெரியாது. இழுத்து, மார்போடு அணைத்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கதவருகே இரண்டு பேர் இறங்கத் தயாராக நின்றிருந்தார்கள். அந்தக் கத்தலைக் கேட்டு அவர்களும் நின்றுவிட்டார்கள்.

பெட்டிகளைக் கூட்டினார்களே தவிர, பிளாட்பாரம் பழைய நீளத்திலேயே இருந்தது. எங்கள் பெட்டி ஸ்டேஷனுக்கு முன்னால் இருந்த கால்வாய்ப் பாலத்தின் மேல் நின்றிருக்கிறது. பக்கவாட்டுச் சுவர்கூட இல்லாத பாலம். மழைக்காலத் தண்ணீர் வடிந்து, கீழே சேறும் கல்லும்.

சத்தம் கேட்டு கார்டு விளக்கோடு ஓடிவந்தார். "யாரும் எறங்காதீங்க!" என்று ஒவ்வொரு கதவாகச் சொல்லிக்கொண்டே போனார். பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் சிலர் கரை வழியாக இறங்கி அந்த இளைஞரைத் தூக்கி வந்தார்கள். கால் முறிந்திருந்தது. அதன் பிறகு வண்டியை மெதுவாக முன்னால் நகர்த்தி எங்களை இறக்கினார்கள். பிளாட்பாரத்தின் முன்முனையில் எங்களைத் தேடி நின்ற என் கணவருக்கு விஷயமே தெரியாது. நான் சொல்லச் சொல்ல, குழந்தையின் காலையும் கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அந்த இளைஞரை அடுத்த வண்டியில் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பொங்கல் கழித்து நாங்கள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவருடையது பழவேற்காட்டு வியாபாரக் குடும்பமாம். எங்கள் ஊரில் அண்ணனோடு ஜவுளிக்கடை வைத்திருந்தார் என்பது அங்கேதான் தெரிந்தது. இடுப்பு வரை மாவுக்கட்டு. பக்கத்தில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகைதான் வந்தது. அந்த இளைஞர் கூச்சப்பட்டார்.

"இன்னாக்கா, இதுக்குப் போயி இம்மாந் தூரம் வந்துக்கினு. கடசி நாள் மேட்ச் போச்சே, அதான் பேஜாரு."

என் கணவர்தான் கேட்டார். "விழுந்து அடிபட்டுக் கிடக்கும்போது இவங்களுக்குக் குரல் கொடுக்கணும்னு எப்படிப்பா தோணுச்சு?"

அவர் குழந்தையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எங்க சார் யோசிச்சேன். கைய நீட்டினு இருக்கும்போதே வுயுந்துட்டேன். மேல பாத்தா அக்கா கொயந்தய நீட்டினு நிக்கிறாங்க. எங்க வுட்டுடுவாங்களோன்னு பயந்துட்டேன். கால் ஒடஞ்சது அப்பாலதான் தெரிஞ்சிது."

அவருடைய அம்மா குழந்தையை வாங்கி அவர் பக்கத்தில் படுக்க வைத்தார்.

ஆட்டம் முடிந்ததும் கூடுதல் பெட்டிகளைக் கழற்றிவிட்டார்கள். எங்களுக்கும் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அந்த இளைஞர் லேசாகக் காலைச் சாய்த்து நடப்பதாகப் பிறகு யாரோ சொன்னார்கள்.

மனிதர்களை நம்பவே முடியாது என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் வாதாடுவதில்லை. முறிந்த காலோடு சேற்றில் கிடந்தபடி, முன்பின் தெரியாத ஒருத்தியின் குழந்தைக்காகப் பயந்து கத்திய அந்தக் குரலை நினைத்துக்கொள்வேன்.