செட்டியார்பட்டிக்குப் போய்ச் சேர்ந்த என் குரல்

என் அக்கா எஸ்தரை அடக்கம் செய்த அன்று நான் மராட்டியத்தில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். அவள் இறந்ததே எனக்குத் தெரியாது. தந்தி நான் வேலை பார்த்த, ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியைத் தேடிப் போய், ஆள் மாறி ஆள் மாறி என் கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

1994, நல்ல கோடை. நாந்தேடு பக்கம் ஒரு காட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தோம். இரும்புக் குழாய் சரிந்து என் காலில் விழுந்தது. எலும்பு முறிந்து, முட்டி வரைக்கும் மாவுக்கட்டு. அது இந்தத் தொழிலில் நடக்கிறதுதான். ஆனால் ரயிலேற முடியாது என்று டாக்டர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஓர் இடத்தில் இருக்க எனக்கு வராது. லாரி கிளீனர், கரும்பு வெட்டு, பிறகு போர் வண்டி என்று சுற்றினேன். அம்மாவும் அப்பாவும் முன்பே போய்விட்டார்கள். செட்டியார்பட்டியில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது நான் ஒருவன்தான். அங்கே அத்தானும் அவளும் தறியில் பேண்டேஜ் துணி நெய்தார்கள்.

எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண் இறந்தால் அவளுக்கு வைக்கும் நினைவு ஜெபத்தில், பிறந்த வீட்டு ஆள்தான் முதலில் எழுந்து அவளைப் பற்றிப் பேச வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். பேச ஆள் இல்லையென்றால் அவளை அநாதையாக அனுப்பியது மாதிரி.

கட்டையை ஊன்றிக்கொண்டு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். அத்தானின் எதிர்வீட்டில் ஒரு பஞ்சு வியாபாரி, அந்தத் தெருவில் அவர் வீட்டில்தான் போன். அத்தானைக் கூப்பிட்டு விட்டார்கள். வரும் ஞாயிறு மத்தியானம் நினைவு ஜெபம் என்றார். கூடவே அவருடைய அம்மாவும் வந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் நன்றாகக் கேட்டது.

"வருதானாமா, இல்லையாமா? பொறந்த வீட்டுல ஒரு நாதி இல்லாமப் போச்சே அவளுக்கு!"

நான் ரிசீவரை வைத்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, என்னைக் கொண்டுபோக முடியாவிட்டால் என் சத்தத்தையாவது கொண்டுபோம்." வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மறுபடி போன் செய்தேன். நான் வாயைத் திறக்குமுன் அத்தான் சொன்னார்.

"மாப்ள, ரேடியோ செட்டு மாடசாமிகிட்ட உன் கதையச் சொன்னேன். போன்ல மைக்கக் கட்டிருதேன், நீ பேசுறது பந்தல் பூரா கேக்கும்கான். நாளைக்கு மத்தியானம் சரியா கூப்புடு."

மாடசாமி கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல. அவர் மூலமாகத்தான் எனக்கு வழி திறந்தது.

ஞாயிறு மத்தியானம் லைன் உடனே கிடைத்தது. "லைன்லயே இரு மாப்ள, இந்தா கட்டுதான்" என்றார் அத்தான். 'ஙொய்ய்' என்று ஒரு கூச்சல் வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"ஹலோ, அத்தான்! ஹலோ! ஹலோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பூத்துக்காரர் வைத்துவிடச் சொல்லி ஜாடை காட்டினார். எனக்குக் கை வரவில்லை. வைத்துவிட்டால் அக்காவுக்கு யாருமில்லை என்றாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆண்டவரே, அங்க யாரும் கேக்கலைன்னாலும் நீர் கேளும்" என்று ஆரம்பித்தேன். பிறகு என்னையறியாமல் அக்காவிடமே பேச ஆரம்பித்துவிட்டேன். "எக்கா, நான் எந்த ஊர்ல கெடந்தாலும் எனக்கும் சேத்து சோறு பொங்குவியாமே, அத்தான் சொன்னாவ. தம்பி திடீர்னு வந்து நிப்பாம்பியாமே. இங்க நர்சு என் கால்ல துணி சுத்துனப்ப அது நீ தறியில நெய்ஞ்ச துணியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்க்கா. வலி தெரியல. உனக்குப் பொறந்த வீடு இருக்குக்கா. நான் இருக்கேன்."

பேசி முடித்து அழுதேன். ரிசீவரை வைக்கப்போனபோது கரகரவென்று சத்தம் வந்தது.

"ஏலே மாப்ள!" அத்தான் அழுகையும் சிரிப்புமாகப் பேசினார். "அம்புட்டும் கேட்டுச்சுலே. நீ ஹலோ ஹலோன்னு கத்துனது பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போயிருக்கு. கூச்சல் வருதுன்னு இந்த மாடசாமி போன்ல பேசுற பக்கத்துல துண்ட வச்சு இறுக்கிட்டான். அதான் உனக்கு ஒண்ணும் கேக்கல. நம்ம சபை ஐயரே கண்ணத் தொடச்சாரு."

பிறகு அத்தானின் அம்மா ரிசீவரை வாங்கினார்.

"சாப்பிட்டியாய்யா?" என்றார். "கால ஆட்டாம வையி. கட்டுப் பிரிச்சதும் நம்ம வீட்டுக்குத்தான் வரணும், கேட்டியா?"

அப்போதுதான் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

இன்றும் நான் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அக்காவின் நினைவு நாளுக்கு எங்கிருந்தாலும் செட்டியார்பட்டி வந்துவிடுகிறேன். அந்த அம்மா எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்திருக்கிறார். முன்பெல்லாம் நாலு பேர் நடுவே ஜெபிக்கக் கூச்சப்படுவேன். ஊரே ஒலிபெருக்கியில் கேட்ட பிறகு என்ன கூச்சம்?

ஜெபித்து ஜெபித்துப் பதில் இல்லாமல் களைத்திருக்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை என்று ரிசீவரை வைத்துவிடாதீர்கள். பேசுங்கள். அங்கே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்கே தோத்திரம்.